பாரம் ஏறாமல் நிற்கிறதா? உடம்பின் பலவீனமான இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

ஜிம்மில் சேர்ந்த முதல் மூன்று நான்கு மாதம் எல்லோருக்கும் நல்ல காலம். கிழமைக்குக் கிழமை பாரம் ஏறும். அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு தசை பெருத்ததால் வருவதில்லை. இருக்கிற தசையை ஒன்றுசேர்த்து இயக்க நரம்புகள் பழகுவதால் வருகிறது. அந்தப் பழக்கம் வந்து முடிந்ததும் ஏற்றம் மெதுவாகும். ஸ்குவாட் (தோளில் பாரத்தோடு குந்தி எழுதல்) 50 கிலோவில் நிற்கும், பெஞ்ச் (மல்லாந்து படுத்துப் பாரத்தை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுதல்) 40-இல் நிற்கும். உடனே பலர் கிழமைக்கு ஆறு நாள் போகத் தொடங்குகிறார்கள், அல்லது புரோட்டீன் டின் வாங்குகிறார்கள். இரண்டாலும் அனேகமாக ஒன்றும் நகராது. ஏனென்றால் ஒரு பாரம் தூக்கும்போது உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் தோற்பதில்லை. ஏதோ ஓர் இடம் முதலில் விட்டுக்கொடுக்கிறது. சிலருக்குக் கணுக்கால், சிலருக்கு நாரி, சிலருக்குக் கைப்பிடி. அந்த இடம் தேறினால்தான் மற்றப் பலம் வெளியே வரும்.

திருகோணமலை நகரம், உப்புவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று எங்கிருந்தாலும், ஜிம்மிலோ வீட்டிலோ இப்போதுதான் பாரம் தூக்கத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஒரு கைத்தொலைபேசி, அளவு நாடா, உறுதியான மரக்கதிரை, ஒரு கொப்பி இருந்தால் போதும்.

தொடங்குமுன் வைத்தியரைக் கேட்க வேண்டியவர்கள்

கட்டுப்பாட்டுக்கு வராத இரத்த அழுத்தம், இருதய நோய், குடலிறக்கம், அண்மையில் செய்த சத்திரசிகிச்சை, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். மாதாமாதம் கிளினிக் போகிறவர்கள் அங்கேயே கேட்டுவிடலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகை நீரிழிவுக் குளிசை எடுக்கிறவர்களுக்கும் பயிற்சியின் நடுவிலோ பிறகோ சீனி இறங்கிவிடலாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், வெறும் வயிற்றில் போகாதீர்கள்.

நாரி நோவு காலுக்கு இறங்கி விறைப்பும் சேர்ந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும். அதோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் யாரையாவது ஏறி முதுகை மிதிக்கச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நாரி நோவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

பலவீனமா, இறுக்கமா, பழக்கக்குறையா?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். கிழமைக்கணக்கில் வீணாகும் உழைப்பு பெரும்பாலும் இந்த மூன்றையும் குழப்புவதால்தான் வருகிறது. ஸ்குவாட்டில் உடம்பு முன்னுக்குச் சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணுக்கால் மடியாததாலும் சாயலாம், தொடைக்குப் பலம் போதாமலும் சாயலாம், எப்படி இறங்குவது என்று பழகாமலும் சாயலாம். வெளியில் பார்க்க மூன்றும் ஒன்றுபோல இருக்கும், வைத்தியம் வேறு வேறு.

பிரித்தறிய இரண்டு கேள்வி போதும். முதலாவது: கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பாரம் இல்லாமல், அந்த நிலைக்கு ஒழுங்காகப் போக முடிகிறதா? பிடித்தும் முடியவில்லை என்றால் அது மூட்டின் இறுக்கம். பிடித்தால் முடிகிறது, விட்டால் முடியவில்லை என்றால் இறுக்கம் முக்கிய காரணமல்ல. சமநிலையையோ பலத்தையோ பார்க்க வேண்டும். இரண்டாவது: எந்தப் பாரத்தில் கெடுகிறது? தட்டுப் போடாத வெறும் தடியிலேயே கெட்டால் பெரும்பாலும் பழக்கக்குறை அல்லது இறுக்கம். 40 கிலோவில் அழகாகப் போய் 50-இல் கெட்டால் பலவீனம்.

எங்களூரில் கைவசம் ஒரு நல்ல சோதனை இருக்கிறது: குந்தி இருத்தல். வெறுங்காலோடு, பாதங்களைத் தோளகலத்தில் வைத்து, குதிக்கால் நிலத்தில் படிந்தபடி 30 வினாடி குந்தி இருங்கள். மீன் வெட்டியும் முற்றத்தில் வேலை செய்தும் பழகியவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. நாள் முழுக்கக் கதிரையில் இருந்து, கொமட்டில் மட்டும் பழகிய இளம் ஆட்கள் பலர் பின்னுக்குச் சாய்ந்து விழப் பார்ப்பார்கள். அவர்கள் கணுக்காலில் இருந்து தொடங்க வேண்டும்.

படம் எடுத்துப் பாருங்கள்

கண்ணாடியை நம்ப வேண்டாம். கழுத்தைத் திருப்பிப் பார்க்கும்போதே நிலை மாறிவிடும். கைத்தொலைபேசியை இடுப்பு உயரத்தில், இரண்டு மூன்று மீற்றர் தள்ளி, ஒருமுறை நேர்ப் பக்கவாட்டிலும் ஒருமுறை முன்பக்கச் சரிவிலும் வையுங்கள். நிலத்தில் வைத்து மேல்நோக்கி எடுத்தால் ஆழம் தவறாகத் தெரியும். உங்களால் ஐந்து தடவை செய்யக்கூடிய கனமான பாரத்தில் ஒரு செட் (நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் தடவைகள்) படம் எடுங்கள். முதல் தடவையையும் கடைசித் தடவையையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே முதலில் என்ன மாறியதோ அதுதான் உங்கள் பலவீனம். முழங்கால் உள்ளே போனதா, இடுப்பு முந்தி எழுந்ததா, முதுகு வளைந்ததா, விரல் திறந்ததா? கொப்பியில் ஒரே வரியில் எழுதுங்கள்.

வீட்டில் செய்யும் சோதனைகள்

உடம்பைச் சூடாக்க ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, வெறுங்காலோடு தொடங்குங்கள்.

கணுக்கால்: சுவரைப் பார்த்து நின்று, பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவே 10 சென்ரிமீற்றர் விட்டு, குதி எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடியாவிட்டால் எத்தனை சென்ரிமீற்றரில் தொடுகிறது என்று அளந்து எழுதுங்கள். இரண்டு காலுக்கும் 2 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதையும் குறியுங்கள்.

ஒற்றைக்கால் எழும்பல்: சுமார் 45 சென்ரிமீற்றர் உயரமான மரக்கதிரையைச் சுவரோடு சாத்தி வையுங்கள். பிளாஸ்டிக் கதிரை வழுக்கும், வேண்டாம். கைகளை நெஞ்சில் கட்டி, ஒரு காலால் மட்டும் எழும்பி, மெதுவாக இருங்கள். ஒவ்வொரு காலாலும் எட்டுத் தடவை முடிந்தால் தொடக்கத்துக்கு நல்லது. எண்ணிக்கையை விட, முழங்கால் ஆடுகிறதா, உள்ளே சாய்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

குதி உயர்த்தல்: சுவரை ஒரு விரலால் தொட்டபடி ஒற்றைக்காலில் நின்று குதியை முழுவதும் உயர்த்தி இறக்குங்கள். 20 தடவை வர வேண்டும். உயரம் குறைந்ததும் எண்ணுவதை நிறுத்துங்கள்.

நடுவுடம்பு: முழங்கையூன்றி உடம்பைப் பலகைபோல நேராகப் பிடிக்கும் பிளாங்க் 60 வினாடி, பக்கவாட்டுப் பிளாங்க் ஒவ்வொரு பக்கமும் 40 வினாடி. இடுப்பு தொய்ந்தவுடன் நேரம் முடிந்தது.

தொங்கல்: தடியில் இரண்டு கையாலும் 30 வினாடி. வீட்டுக் கூரை வளையில் தொங்க வேண்டாம். ஜிம்மிலோ விளையாட்டு மைதானத்திலோ உறுதியாக நட்ட கம்பியில் செய்யுங்கள்.

சுவரோடு கை உயர்த்தல்: குதிக்கால் சுவரிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி இருக்க, முதுகையும் தலையையும் சுவரில் சாத்தி, கைகளை நேராக மேலே கொண்டுபோய்ப் பெருவிரலால் சுவரைத் தொடுங்கள். நாரி சுவரை விட்டு வில்போல வளைந்தால்தான் கை தொடுகிறது என்றால், தலைக்கு மேல் பாரம் தூக்கும் உரிமை தோளுக்கு இன்னும் வரவில்லை.

புஷ்-அப்: தலையிலிருந்து குதிவரை நேராக, நெஞ்சு நிலத்துக்கு ஒரு கையளவு நெருங்கும்வரை. 10 வந்தால் பெஞ்சில் பாரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

முடிவுகளில் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்தப் போகாதீர்கள். மோசமான ஒன்றையும், உங்கள் வீடியோவோடு பொருந்துகிற ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கு மேல் எடுத்தால் எதற்கும் போதிய வேலை கிடைக்காது.

ஸ்குவாட் எங்கே உடைகிறது?

குதிக்கால் எழுந்தால்: கணுக்கால் மடியாதபோது முன்காலெலும்பு முன்னுக்குச் சாய முடியாது. அதை ஈடுகட்ட இடுப்பு பின்னுக்குப் போகும், மார்பு முன்னுக்குக் குனியும், பாரம் நாரியில் விழும். ஆகவே நாரி நோகிறது என்று வருகிற சிலருக்கு வேலை கணுக்காலில்தான் இருக்கிறது. சோதனையில் செய்த அதே சுவர்த் தொடுகையைப் பயிற்சியாகக் காலுக்கு 15 தடவை, இரண்டு செட், கிழமையில் ஐந்து நாள் செய்யுங்கள். அதோடு படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, குதியை மூன்று வினாடி எடுத்துக் கீழே இறக்கி உயர்த்துவது 12 தடவை, இரண்டு செட். கணுக்கால் தேறும்வரை ஸ்குவாட் செய்யும்போது இரண்டு குதிக்கும் கீழே 2 சென்ரிமீற்றர் பலகை வைக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓடுகிற சப்பாத்தின் மெத்தையான அடி பாரத்தில் நசிந்து ஆடும். அதை விட வெறுங்கால் நல்லது. முழங்கால் விரல் நுனியைத் தாண்டவே கூடாது என்று யாராவது சொன்னால், அதையும் நம்ப வேண்டாம். குதி நிலத்தில் இருந்து, நோவு இல்லாவிட்டால் தாண்டலாம்.

முழங்கால் உள்ளே சாய்ந்தால்: இடுப்பின் பக்கத் தசைகளும் பிட்டமும் காலை வெளியே பிடித்திருக்கப் பலம் போதவில்லை, அல்லது பாரம் அளவுக்கு மீறிவிட்டது. பாரத்தை 30 வீதம் குறைத்து, மூன்று வினாடி இறங்கி, அடியில் ஒரு வினாடி நின்று, எழுங்கள். பயிற்சியின் தொடக்கத்தில் பக்கவாட்டில் படுத்து மேற்காலை உயர்த்துவது 15 தடவை இரண்டு செட், 15 அல்லது 20 சென்ரிமீற்றர் படியிலிருந்து ஒற்றைக்காலால் மெதுவாக இறங்கி மற்றக் குதியால் நிலத்தைத் தொட்டு எழுவது காலுக்கு எட்டு. படி இறங்கும்போது முழங்கால் இரண்டாம் விரலின் நேரே போக வேண்டும். முழங்காலைச் சுற்றி றப்பர் பட்டி போடுவது வெளியே தள்ளப் பழக்கும், ஆனால் அது மட்டும் பலம் தராது. மிகக் கனமான கடைசித் தடவையில் சற்று உள்ளே போனால் பயப்படத் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் போனால்தான் சிக்கல்.

இடுப்பு முந்தி எழுந்தால்: எழும்பத் தொடங்கியதும் பிட்டம் மேலே போய், மார்பு அப்படியே நின்றுவிடும். முன்தொடை வேலையைச் செய்ய மாட்டாமல் இடுப்புக்கும் முதுகுக்கும் தள்ளிவிடுகிறது. இதற்கு நாங்கள் முதலில் கொடுப்பது கொப்ளட் ஸ்குவாட். 12 முதல் 20 கிலோ டம்பெலை நெஞ்சோடு நெருக்கிப் பிடித்து, எட்டுத் தடவை மூன்று செட். பாரம் முன்னுக்கு இருப்பதால் குனிந்தால் தூக்கவே முடியாது. உடம்பு தானாக நிமிரக் கற்றுக்கொள்கிறது. அடுத்து ஒரு கால் முன், ஒரு கால் பின் வைத்து இறங்கும் ஸ்பிளிட் ஸ்குவாட், காலுக்கு எட்டு, மூன்று செட்.

அடியில் நாரி சுருண்டால், உங்கள் இடுப்பு மூட்டு தரும் ஆழத்தைத் தாண்டிவிட்டீர்கள். நான்கைந்து சென்ரிமீற்றர் மேலே நில்லுங்கள், பாதங்களைச் சற்று அகட்டிப் பாருங்கள். போதும்.

டெட்லிஃப்ட்டும் நாரியும்

டெட்லிஃப்ட் என்பது நிலத்தில் கிடக்கும் தடியைப் பிடித்துத் தூக்கி நிமிர்ந்து நிற்பது. முதலில் தடியின் உயரத்தைப் பாருங்கள். முழு அளவுத் தட்டின் விட்டம் 45 சென்ரிமீற்றர். ஆகவே தடி நிலத்திலிருந்து 22.5 சென்ரிமீற்றரில் இருக்கும். சின்ன ஜிம்களில் 5, 10 கிலோ இரும்புத் தட்டுகள் விட்டத்தில் குறைந்தவை. அவற்றைப் போட்டால் தடி மிகத் தாழ்ந்து கிடக்கும், அவ்வளவு தாழ்வில் முதுகு வளையாமல் பிடிக்க அனேகருக்கு முடியாது. இரண்டு பக்கமும் பலகைத் துண்டு அடுக்கி உயர்த்துங்கள். முதுகு பலவீனம் என்று நினைத்த பலருடைய குறை இந்தப் பலகையோடு தீர்ந்துவிடுகிறது. இன்னொரு விஷயம்: நீளமான தடியே 20 கிலோ, பெண்களுக்கான தடி 15 கிலோ. அதையும் சேர்த்து எழுதாவிட்டால் கணக்குப் பிழைக்கும்.

நிலத்தை விடும்போதே முதுகு வளைந்தால் பாரத்தை 20 வீதம் இறக்குங்கள். தடி பாதத்தின் நடுவுக்கு நேரே, முன்காலிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றரில் இருக்கட்டும். மூச்சை நெஞ்சுக்கு இழுக்காமல் வயிற்றுக்கும் விலாவின் இரு பக்கத்துக்கும் இழுத்து, வயிற்றை இறுக்கி, பிறகுதான் தூக்க வேண்டும். இரண்டு கையையும் விலாவின் கீழ்ப்பக்கத்தில் வைத்து, மூச்சு கைகளை வெளியே தள்ளுகிறதா என்று முதலில் நின்றே பழகுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கக் கூடாது. தூக்கும்போது மெதுவாக ஊதிவிட வேண்டும், பாரமும் லேசாக இருக்க வேண்டும். தடி உடம்பை விட்டு முன்னுக்குப் போனால் அக்குள் இரண்டிலும் மடித்த துவாயை வைத்து, அது விழாமல் லேசான பாரத்தில் ஐந்து தடவை தூக்கிப் பழகுங்கள். முதுகின் அகன்ற தசை அப்போதுதான் வேலைக்கு வரும்.

முழங்காலுக்கு மேலே வந்து நின்றுவிட்டால் பிட்டமும் பின்தொடையும் போதவில்லை. ருமேனியன் டெட்லிஃப்ட் (நின்றபடி, முழங்காலைச் சற்றே மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளித் தடியை இறக்கி ஏற்றுவது) எட்டுத் தடவை மூன்று செட், நிலத்தில் படுத்து இடுப்பை உயர்த்தி இரண்டு வினாடி பிடிக்கும் பாலம் பத்துத் தடவை மூன்று செட். மேலே வந்ததும் பின்னுக்கு வளைந்து காட்டாதீர்கள், நேரே நின்றால் போதும்.

விரல் திறந்தால் கைப்பிடி. இது வேகமாகத் தேறும் பலவீனம். 20 லீற்றர் தண்ணீர்க் கலன் நிறைந்தால் 20 கிலோ. கைக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கி 30 மீற்றர் நேராக நடங்கள், இரண்டு மூன்று முறை. 20 கனமென்றால் 10 லீற்றர் வாளியில் தொடங்கலாம். தொங்கல் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முடியும்வரை. மே முதல் செப்டெம்பர் வரை வேர்வையே பாதிப் பிடியைத் தின்றுவிடும், துவாயும் சோக்குத் தூளும் வைத்திருங்கள்.

நெஞ்சு, தோள், இழுத்தல்

பெஞ்சில் நெஞ்சுக்கு அருகே நின்றால், 25 வீதம் குறைத்து நெஞ்சில் ஒரு வினாடி நிறுத்தித் தள்ளிப் பழகுங்கள். மேலே, கை நீட்டும் இடத்தில் நின்றால் மேற்கையின் பின்தசை. பிடியைத் தோளகலத்துக்கு நெருக்கிச் செய்யும் பெஞ்ச் நல்லது. தனியாகச் செய்கிறவர்கள் பக்கத் தடுப்புக் கம்பி இல்லாத பெஞ்சில் கனமாகத் தூக்கவே வேண்டாம், டம்பெல் எடுங்கள்.

புஷ்-அப்பில் இடுப்பு தொய்ந்தால் கையை படிக்கட்டின் இரண்டாம் மூன்றாம் படியில் வைத்துச் செய்யுங்கள். 12 வந்ததும் ஒரு படி இறங்குங்கள். முழங்காலூன்றிச் செய்வதை விட இது நல்லது, உடம்பு முழு நீளத்துக்கும் நேராக இருக்கப் பழகும். புல்-அப் (தடியில் தொங்கி உடம்பை மேலே இழுத்தல்) ஒன்றும் வராதவர்கள் கதிரையில் ஏறி நாடியைத் தடிக்கு மேலே வைத்து, ஐந்து வினாடி எடுத்து இறங்குங்கள். ஐந்து இறக்கம், இரண்டு மூன்று செட்.

இடம் வலம்

நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கும்போது பார்த்திருப்பீர்கள். ஒரு கயிற்றில் ஆள் குறைந்தால் வலை கோணலாக வரும், மறுபக்கம் எவ்வளவு பலமாக இழுத்தும் பயனில்லை. இரண்டு காலும் சமமில்லாமல் ஸ்குவாட் செய்தால் தடி அப்படித்தான் ஒரு பக்கம் முந்தும். எப்போதும் ஒரே காலால் பந்து உதைப்பவர்கள், பழைய சுளுக்கு உள்ளவர்கள், மோட்டார் சைக்கிளில் விழுந்து எழும்பியவர்கள் ஒற்றைக்கால் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

திருத்தும் முறை எளிது: பலவீனமான பக்கத்தில் தொடங்குங்கள். அது எத்தனை தடவை செய்கிறதோ அத்தனையே மற்றப் பக்கமும் செய்யட்டும், ஒன்று கூடக் கூடாது. எண்ணிக்கையில் ஒன்றிரண்டு வித்தியாசம் எல்லோருக்கும் உண்டு, அதைத் துரத்த வேண்டாம்.

கிழமைத் திட்டம்

மூன்று நாள் போதும்: திங்கள், புதன், சனி. நடுவில் குறைந்தது 48 மணித்தியாலம் கிடைக்கும். கோயிலும் ஜும்ஆவும் உள்ள வெள்ளிக்கிழமையும் ஓய்வாகிவிடும்.

ஒரு நாளின் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். எட்டு நிமிடம் உடம்பைச் சூடாக்கல். பிறகு பத்து நிமிடம், நீங்கள் தேர்ந்தெடுத்த இறுக்கத்துக்கோ கால், தோள் பலவீனத்துக்கோ உரிய இரண்டு பயிற்சி. அதன்பின் ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்ற பெரிய தூக்கல் ஒன்று, ஐந்து முதல் எட்டுத் தடவை மூன்று செட், நடுவே இரண்டு மூன்று நிமிட ஓய்வு. அடுத்து தள்ளலும் இழுத்தலும் ஒவ்வொன்று. கடைசியில் நடுவுடம்பும் கைப்பிடியும். இந்தக் கடைசி இரண்டையும் முன்னுக்குக் கொண்டுவராதீர்கள். கைப்பிடியை முதலில் களைக்க வைத்துவிட்டு டெட்லிஃப்ட் செய்தால் தடி நழுவும். வயிற்றை முதலில் களைக்க வைத்தால் ஸ்குவாட்டில் நாரியைக் காக்க ஆளில்லை. கனமாகத் தூக்குமுன் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்து நிற்பதும் வேண்டாம், அன்றைய பலம் சற்றுக் குறையும்.

முதல் இரண்டு கிழமை, குறையுள்ள பெரிய தூக்கலை 20 வீதம் இறக்கி வையுங்கள். 50 தூக்குபவர் 40. இது பலருக்கு மனக்கஷ்டம். ஆனால் பழைய பாரத்திலேயே நின்றால் பழைய கோணலைத்தான் மறுபடி பழக்குவீர்கள். ஒவ்வொரு செட்டிலும் இன்னும் இரண்டு தடவை முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். துணைப் பயிற்சிகளில் எட்டில் தொடங்கி 12 தடவை எல்லாச் செட்டிலும் வந்த பிறகே பாரத்தைக் கூட்டுங்கள். கூட்டுவது 2.5 கிலோ, அதாவது பக்கத்துக்கு 1.25. உங்கள் ஜிம்மில் மிகச் சிறிய தட்டே 2.5 என்றால் ஒரு தாவல் 5 கிலோ ஆகிவிடும். அப்போது எண்ணிக்கையை 14, 15 வரை ஏற்றிவிட்டுத் தாவுங்கள், அல்லது சொந்தமாக ஒரு சோடி 1.25 வாங்கிப் பையில் வைத்திருங்கள். இந்தச் சின்னச் செலவு பெல்ட்டை விடப் பயன் தரும்.

வீட்டில் செய்கிறவர்களுக்குப் பாரம் செய்து கொள்வது கஷ்டமில்லை. ஐந்து லீற்றர் கலனில் தண்ணீர் 5 கிலோ, காய்ந்த மணல் ஏறக்குறைய 8 கிலோ. வீடு கட்டி மிஞ்சிய மணலை வெயிலில் காயவைத்து, இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டி, உரப்பைக்குள் போட்டு, பழைய பாடசாலைப் பையில் இறக்கினால் 15 கிலோ மூட்டை தயார். தராசில் நிறுத்து எழுதுங்கள். கடற்கரையில் பயிற்சி செய்ய விரும்பினால் ஈரமாக இறுகிய மணலில் செய்யுங்கள். மெல்லிய மணலில் பாரத்தோடு ஸ்குவாட் செய்தால் பாதம் ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் புதையும். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், ஒரே திசையில் நடந்தும் ஓடியும் கொண்டிருந்தால் ஒரு காலுக்கே சுமை கூடும். போன அளவு திரும்பி வாருங்கள். உப்புக்காற்றில் தடியும் தட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும். பயிற்சி முடிந்ததும் வேர்வையைத் துடைத்து, கிழமைக்கு ஒருமுறை மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவித் துடையுங்கள், கைபிடிக்கும் இடத்தில் எண்ணெய் மிஞ்சக் கூடாது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே நண்பகலில் தூக்குவது அறிவல்ல. காலை ஏழுக்கு முன், அல்லது மாலை ஐந்தரைக்குப் பின். நோன்பு மாதத்தில் நோன்பு திறந்து ஒன்று ஒன்றரை மணித்தியாலம் கழித்து, அல்லது தராவீஹ் முடிந்த பின் செய்யலாம். அந்த மாதம் பாரத்தை அப்படியே வைத்து, செட்டுகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் பலம் போகாது.

சாப்பாடு

பலவீனமான தசை வளர உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் கணக்கிடுங்கள். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 96 கிராம். இரண்டு முட்டையில் சுமார் 12, சமைத்த மீன் 100 கிராமில் 20 முதல் 25, கெட்டியான பருப்பு ஒரு கோப்பையில் சுமார் 15. இரண்டு நேரம் மீன், இரண்டு முட்டை, ஒரு கோப்பை பருப்பு என்றால் கீழ் அளவு வந்துவிடும். சோறும் தன் பங்குக்குக் கொஞ்சம் தரும். சூடை, கீரி, பாரை என்று அன்றைக்கு மலிவாகக் கிடைப்பதை வாங்குங்கள். விரத நாட்களில் காய்ந்த சோயா மீற் 50 கிராம் ஏறக்குறைய 25 கிராம் தரும்; கௌபி, கடலை, தயிர் கூடச் சேரட்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. இரவு ஏழு எட்டு மணித்தியாலத் தூக்கம் இல்லாதவர்கள் திட்டத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

வழக்கமாக எங்கே பிழைக்கிறது

உளைவையும் நோவையும் ஒன்றாக எண்ணுவது முதல் பிழை. பயிற்சி செய்து 24 முதல் 72 மணித்தியாலத்துக்குள் தசை முழுவதும் உளைவது இயல்பு, அசைய அசையக் குறையும். மூட்டுக்குள் ஒரு புள்ளியில் குத்துவது, வீங்குவது, இரவில் எழுப்புவது நோவு. அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். அளவுக்கு மிஞ்சிச் செய்த பிறகு தசை வீங்கிச் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அது தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் அறிகுறி; உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்தது, பெல்ட், முழங்கால் பட்டி, கைப்பட்டி எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே மாட்டிக்கொள்வது. அவை பலவீனத்தை மறைக்கும். குறைந்தது முதல் ஆறு மாதம் அவை இல்லாமல் தூக்குங்கள். அதைவிடக் கூடிய பிழை, கிழமைக்கு ஒரு திட்டம் மாற்றுவது. பலவீனமான இடம் மாற ஆறு கிழமையாவது ஒரே வேலை நடக்க வேண்டும்.

ஆறு கிழமைக்குப் பிறகு

அதே சோதனைகளை அதே நேரத்தில், அதே கதிரையில், அதே அளவில் செய்யுங்கள். பழைய வீடியோவின் அதே பாரத்தை அதே கோணத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சோதனையும் தேறி, தூக்கலும் தேறியிருந்தால் அந்தப் பயிற்சியைக் கிழமைக்கு ஒரு நாளாகக் குறைத்து, அடுத்த பலவீனத்துக்குப் போங்கள். சோதனை தேறி, தூக்கல் மட்டும் பழையபடி இருந்தால் இனி மிஞ்சியிருப்பது பழக்கம்; துணைப் பயிற்சியை நிறுத்தி, அந்தத் தூக்கலையே லேசான பாரத்தில் கிழமைக்கு மூன்று நாள் செய்யுங்கள். ஒரு நாளும் தவறாமல் செய்தும் சோதனையே நகரவில்லை, அல்லது ஒரு பக்கம் மட்டும் தேறாமல் நிற்கிறது என்றால், பழைய காயமோ நரம்பின் சிக்கலோ இருக்கலாம். ஆஸ்பத்திரியில் வைத்தியரிடம் காட்டி, இயன்மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது கொப்பியையும் வீடியோவையும் கொண்டு போங்கள். எந்தப் பாரத்தில், எத்தனையாவது தடவையில், எந்தப் பக்கம் விடுகிறது என்று காட்டினால் அவர் அங்கிருந்தே தொடங்கலாம்.